கழுத்தில் வைத்த புள்ளி

கிட்டாரின் கழுத்தில் வெள்ளைப் புள்ளிகள் எதற்கு இருக்கின்றன என்று கேட்டால் பலரும் அழகுக்கு என்பார்கள். வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், அது எண்ணுவதற்கு. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய ஃப்ரெட்டுகளில் ஒவ்வொன்று, பன்னிரண்டில் மட்டும் இரண்டு. அந்தப் புள்ளிகளால் ஒலி மாறுவதில்லை. சுரண்டி எடுத்துவிட்டாலும் கிட்டார் அதே கிட்டார்தான். ஒலியையே மாற்றாத ஒரு பொருளைப் பற்றி நல்லது கெட்டது என்று ஒரு கேள்வி எழ முடியுமா? எழுகிறது. புள்ளி பார்த்து வாசிக்கிறவன் உண்மையில் வாசிக்கிறானா என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்பதற்குச் சின்னதாக இருந்தாலும் கொஞ்சம் தோண்டினால் படிப்பு, தகுதி, உழைப்பு என்று நாம் தினமும் சண்டை போடும் இடங்களுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

எனக்கு இந்தக் கேள்வி இராஜாக்கமங்கலத்தில் எழுந்தது. சாயங்கால வேளைகளில் ஏழெட்டுப் பேருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே துறையிலிருந்து ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டியவர். கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் வள்ளம் வரைக்கும் கடலில் இருந்து, இப்போது கரையேறிவிட்டார். பேத்தியின் புதுநன்மைக்குள் ஒரு பாட்டாவது வாசித்துவிட வேண்டும் என்பது ஆசை. இருந்தது நாலு மாதம். கொண்டுவந்த கிட்டார் வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனுடையது, நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் வகை. அந்த வகையில் புள்ளி வைப்பது வழக்கமில்லை. கருத்த பலகை, அதன்மேல் உலோகக் கம்பிகள், அவ்வளவுதான்.

"தம்பி, இதுல எங்கயாவது ஒரு அடையாளம் வச்சுத் தாங்க. எனக்க கண்ணுக்கு எல்லாக் கம்பியும் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றார். கண்புரைக்கு இன்னும் அறுவை செய்துகொள்ளவில்லை.

அவர் போனபிறகு, என்னிடம் படிப்பவர்களிலேயே நன்றாக வாசிக்கும் கல்லூரிப் பையன் கேட்டான்: "அண்ணா, புள்ளியப் பாத்து வாசிச்சா அது வாசிப்பா? நாளைக்குப் புள்ளி இல்லாத கிட்டார் கையில கெடச்சா என்ன செய்வாரு?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது.

*

முதலில் புள்ளி என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிளாசிக்கல் கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் பொதுவாக 650 மி.மீ. பன்னிரண்டாவது ஃப்ரெட் 325 மி.மீ. தூரத்தில், சரிபாதியில் இருக்கிறது. அங்கே அழுத்தினால் திறந்த தந்தியின் சுரமே ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். இடையில் உள்ள ஃப்ரெட்டுகளை எங்கே பதிப்பது என்பது பழைய கணக்கு. 1581இல் வின்சென்சோ கலிலி என்ற லூட் வாசிப்பாளர், வானவியலாளர் கலிலியோவின் தகப்பனார், ஒரு விதியை எழுதிவைத்தார்: மிச்சமிருக்கும் நீளத்தில் 18இல் ஒரு பங்கை விட்டு அடுத்த ஃப்ரெட்டை வை, அப்படியே போய்க்கொண்டிரு. இன்றைக்கு 18க்குப் பதிலாக 17.817 என்று திருத்தமாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஆக, ஃப்ரெட் என்பதே ஓர் அடையாளம்தான். யாரோ கணக்குப் போட்டு, யாரோ பலகையைக் கீறி, கம்பியைப் பதித்துத் தந்தபிறகுதான் நாம் விரலை வைக்கிறோம். புள்ளி அந்த அடையாளத்துக்கு மேல் வைத்த இன்னொரு அடையாளம். புள்ளி வேண்டாம் என்கிற கிட்டார்காரர் யாரும் ஃப்ரெட்டையும் பிடுங்கிவிடு என்று சொல்வதில்லை. கிளாசிக்கல் கிட்டாரில் புள்ளியே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. கழுத்து உடலோடு சேரும் இடம் அங்கே பன்னிரண்டாவது ஃப்ரெட். கையை அந்த மூட்டில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்துவிடும். தச்சர் சொல்லாமல் வைத்த புள்ளி அது.

இன்னொரு விஷயமும் உண்டு. தந்தியை அழுத்தாமல் ஏழாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு சுரம் வரும். தந்தியின் மூன்றில் ஒரு பங்கு வரும் இடம் அது, 216.67 மி.மீ. ஆனால் ஏழாவது ஃப்ரெட் இருப்பது 216.18இல். ஐந்தாவது ஃப்ரெட்டிலும் அப்படித்தான். நாலில் ஒரு பங்கு 162.5, ஃப்ரெட் இருப்பது 163.05. பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் பங்கு வைத்ததற்குக் கொடுத்த விலை இந்த அரை மில்லிமீட்டர். இயற்கையின் இடம் ஒன்று, நாம் குறித்த இடம் இன்னொன்று. எல்லா அடையாளத்துக்குள்ளும் இப்படி ஒரு சின்னப் பொய் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துகிறவனுக்கு ஆபத்தில்லை.

ஒன்பதாவது ஃப்ரெட்டில் புள்ளி வைப்பதற்கு இயற்பியல் காரணம்கூடக் கிடையாது. மாண்டலின், பாஞ்சோ செய்கிறவர்கள் பலர் அதைப் பத்தில் வைக்கிறார்கள். வழக்கம், அவ்வளவுதான்.

*

நம் வீணையிலும் இந்தக் கதை உண்டு. இன்று நாம் பார்க்கும் தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள், ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி. அதற்கு முன்பு ராகத்துக்குத் தக்கபடி நகர்த்தி வைக்கும் மெட்டுகளும் இருந்தன. 24ஐயும் நிலையாகப் பதித்த ஏற்பாடு தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில் வந்ததாகச் சொல்வார்கள். மெட்டுகளைத் தேன்மெழுகும் கரியும் கலந்த சட்டத்தின்மேல் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுப் பதிப்பார்கள். வெயிலில் மெழுகு இளகினால் மறுபடியும் பதிக்க வேண்டும். மெட்டு இருக்கிறது என்பதற்காக வீணை எளிதாகிவிடவில்லை. மெட்டு ஓர் இடத்தைத் தருகிறது, கமகம் அந்த இடத்திலிருந்து தந்தியை இழுத்துக்கொண்டு வெளியே போகிறது. போவதற்கு முதலில் நிற்க ஓர் இடம் வேண்டும்.

மறுபக்கம் வயலின் இருக்கிறது. கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணை இருக்கிறது. இரண்டிலும் மெட்டு கிடையாது, காதுதான் வழி. அதனால் இவை உயர்ந்தவை, மெட்டு உள்ளவை ஒரு படி கீழே என்று ஓர் எண்ணம் இசைக்காரர்களிடம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கஷ்டமானது உயர்ந்தது என்ற எண்ணம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மெட்டு வைத்த மின் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டியபிறகு அது கொஞ்சம் அசைந்திருக்க வேண்டும். முழுக்கப் போகவில்லை.

கஷ்டத்துக்குத் தன்னளவில் மதிப்பு உண்டா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிணற்றில் நீர் இறைத்துக் குடித்த தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிடச் சுத்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பையனின் பக்கம் வேறொரு பலமான வாதம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. புள்ளி கவனத்தைக் காதிலிருந்து கண்ணுக்கு மாற்றுகிறது. புள்ளியையே பார்த்து வாசிக்கிறவர் கழுத்தை வளைத்துக் குனிந்துகொண்டே இருப்பார், தன் கிட்டாரையே கேட்க மாட்டார். தவறான சுரம் விழுந்தாலும் விரல் சரியான புள்ளியில் இருக்கிறதே என்று திருப்திப்படுவார். இதை வகுப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன். வழியைக் காட்ட வந்த அடையாளம், போய்ச் சேர வேண்டிய ஊராகவே ஆகிவிடுகிற நிலை இது.

*

அடுத்த வகுப்பில் பெரியவர் இருக்கும்போதே இந்தப் பேச்சு வந்தது. அவர் கோபப்படவில்லை. பையனைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"மக்கா, கடல்ல பார் எங்க கெடக்குன்னு மேல நின்னு பாத்தா தெரியாது. எல்லாம் ஒரே தண்ணிதான். கரையில கோயில் கோபுரம் இருக்கு, அதுக்குப் பொறத்த மலை இருக்கு. ரெண்டும் நேரா வரணும். அது ஒரு கோடு. அந்தப் பக்கம் ஒரு பனையும் ஒரு மேடும் நேரா வரணும். அது இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல தூண்டில் போட்டா மீன். அடையாளம் பாத்துப் போனவன் கடல் தெரியாதவன்னு சொல்லுவியா?"

பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "அடையாளம் எடத்ததான் காட்டும். நீவாடு எப்படிப் போகுது, காத்து எப்ப மாறும், அதெல்லாம் ஒடம்புல இருக்கணும். அத எந்தப் பனையும் சொல்லித் தராது."

அடையாளத்துக்கும் அறிவுக்கும் உள்ள உறவை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறொருவரை நான் சந்தித்ததில்லை. இயற்கணிதம் படிக்காமலே இரண்டு கோடுகளால் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்த மனிதர்கள் இந்தக் கடற்கரை முழுக்க இருந்தார்கள். இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது. எண்ணைப் போட்டால் பார் வந்து நிற்கும். பழைய கோடுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "நல்ல பாருக்கான அடையாளத்த வெளிய சொல்ல மாட்டோம். அப்பன் மவனுக்குச் சொல்லுவான். மத்தவன் பின்னால வந்தாக்க வள்ளத்தத் திருப்பிடுவோம்."

*

இங்கேதான் கேள்வி திரும்புகிறது. அந்தப் பாரில் அப்பன் இல்லாதவன் தூண்டில் போட்டு வெறுங்கையோடு திரும்பினால் ஊர் என்ன சொல்லும்? அவனுக்குக் கைராசி இல்லை என்று சொல்லும். அப்பன் சொல்லிக்கொடுத்தவன் வள்ளம் நிறைய மீனோடு வந்தால் அவன் பெரிய தொழில்காரன். அவன் மனசுக்குள் இரண்டு கோடுகள் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

புள்ளி பார்க்காமல் வாசிக்கும் என் மாணவனுக்கும் புள்ளிகள் உண்டு. அவனுடைய அப்பா பாடகற்குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். ஸரிகமவை எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அவன் காதில் சுருதி விழுந்திருக்கிறது. ஏழாவது ஃப்ரெட்டை அவன் தேடுவதில்லை, அந்தச் சுரம் அவனை இழுக்கிறது. இது அவன் குற்றமில்லை, அவன் உழைக்கவில்லை என்பதும் இல்லை. ஆனால் அவனுக்குக் கிடைத்த அடையாளம் வீட்டுக்குள் கிடைத்தது. பெரியவருக்கு வேண்டிய அடையாளத்தை எல்லோர் கண் முன்னாலும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டில் கிடைக்கும் உதவிக்குத் திறமை என்று பெயர். வெளியே கேட்டு வாங்கும் உதவிக்குச் சலுகை என்று பெயர்.

வீட்டில் புத்தகமும் ஆங்கிலமும் இருந்து வளர்ந்தவர்கள், முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போனவர்களைப் பார்த்துத் தகுதி பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இப்போது இது நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென், ஐந்து கோட்டு இசைக்குறியைப் படிக்க வழியில்லாத சாதாரண மக்களுக்காக டானிக் சோல்ஃபா என்ற எழுத்துமுறையைப் பரப்பினார். படித்த இசைக்காரர்களில் பலர் அதைக் குறுக்குவழி என்று ஒதுக்கினார்கள். ஆனால் தொழிலாளர்கள் கூடிக்கூடி நாலு குரலில் பாடினார்கள். குறுக்குவழி என்று சொல்லப்பட்டது, பலருக்கு இருந்த ஒரே வழி.

*

அதற்காக எந்த உதவியும் எப்படிக் கொடுத்தாலும் சரி என்று ஆகிவிடாது. புள்ளி வைப்பதிலும் முறை உண்டு. பெரியவரோடு உட்கார்ந்து அதைத்தான் யோசித்தோம்.

முதல் விஷயம், எங்கே வைப்பது. பலகையின் முகத்தில் வைத்தால் எதிரே இருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கழுத்தின் மேல்விளிம்பில், பக்கவாட்டில் வைத்தால் வாசிக்கிறவருக்கு மட்டும் தெரியும், குனியவும் வேண்டாம். உதவி பெறுகிறவர் காட்சிப்பொருள் ஆகக் கூடாது என்பதால் பக்கவாட்டுதான் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது, எப்படி வைப்பது. 2 மி.மீ. துளை போட்டு, சிப்பித் துண்டோ பிளாஸ்டிக் குச்சியோ ஒட்டி, அரத்தால் ராவி மட்டப்படுத்துவதுதான் நிலையான முறை. ஆனால் கிட்டார் மகனுடையது. அவனைக் கேட்காமல் மரத்தில் துளை போட நமக்கு உரிமை இல்லை. வெள்ளை இன்சுலேஷன் டேப்பைக் காகிதத்தில் ஒட்டி, அலுவலகத்தில் ஃபைலுக்குத் துளை போடும் பஞ்சிங் மெஷினில் வட்டமாகக் குத்தி எடுத்து ஒட்டினோம். கறுப்பு விளிம்பில் வெள்ளை வட்டம், புரை விழுந்த கண்ணுக்கும் தெரிந்தது. வேண்டாதபோது நகத்தால் பெயர்த்துவிடலாம்.

மூன்றாவது, எத்தனை. நான் வழக்கம்போல ஐந்து இடங்களைச் சொன்னேன். அவர் அஞ்சு, ஏழு, பன்னிரண்டு போதும் என்றார். "ரொம்ப அடையாளம் வச்சா அதுலயும் வழி தப்பும் தம்பி." எத்தனை உதவி தேவை என்பதை உதவி வாங்குகிறவரே முடிவு செய்வது நல்லது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மற்ற ஃப்ரெட்டுகளை அந்த மூன்றிலிருந்து கையால் அளந்து போனார். அப்படி அளந்ததால் கொஞ்சநாளில் கண் புள்ளியைத் தேடுவது குறைந்தது. புதுநன்மை அன்று மெதுவாக, இரண்டு இடத்தில் தாளம் தடுக்கி, பாட்டை முடித்தார். மேதை ஆகிவிட்டார் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. ஒரு பாட்டு வாசித்தார். அதுதான் அவர் கேட்டது.

அடையாளத்தைச் சோதிக்க எனக்கு இப்போது ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. அது நம்மை அந்தப் பொருளின் பக்கம் திருப்புகிறதா, தன் பக்கமே கட்டிப்போடுகிறதா? கோபுரத்தைப் பார்த்துப் பாருக்குப் போகிறவன் கடைசியில் கடலைத்தான் பார்க்கிறான். கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மீன் கிடைக்காது. பையனின் பயம் இரண்டாவது ஆளைப் பற்றியது, அந்த அளவில் அது நியாயமான பயம். ஆனால் அதற்கு மருந்து அடையாளத்தை மறுப்பது இல்லை. கூடவே உட்கார்ந்து, இப்போது கண்ணை மூடிக் கேளுங்கள் என்று சொல்ல ஓர் ஆள் இருப்பதுதான்.

புள்ளி இல்லாமல் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன். தங்கள் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளை எங்கிருந்து வாங்கினோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது. எண்ணிப் பார்த்தபிறகு, பின்னால் வருகிற வள்ளத்தைக் கண்டு திசை திருப்பாமல் இருப்பது.