கீழ் இமை

வெயில் ஏறுகிறது. மணல் இன்னும் சுடவில்லை.

இராவணன் மீசைப் புதரின் அடியில் ஓர் அரணை. முதுகின் நடுவே வெளிர்ப்பட்டை, அதன் இரு ஓரமும் கருங்கோடு. விரல் நீளம்கூட இல்லை உடல். வால் அதைத் தாண்டிப் போகிறது.

அசைவில்லை. விலாவில் மட்டும் மூச்சு.

*

கண்ணை மூடுகிறது. கீழ் இமை மேலேறுகிறது.

இமையின் நடுவே ஒளி புகும் ஒரு வட்டு. கண் மூடியபின்னும் உள்ளே வெளிச்சம் போகிறது.

மணல் பறக்கும் இடத்தில் வாழ்வதால் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லாமல் விடுகிறேன்.

*

வீட்டு முற்றத்து அரணை வேறு. பெரிது, பளபளப்பு. அதன் கீழ் இமை முழுக்கச் செதில்.

வகைப்பாட்டு நூல்கள் இந்த இடத்தில் கிளை பிரிகின்றன. வட்டு உண்டா, இல்லையா.

அப்புறம் செதிலின் மேலுள்ள மேட்டுவரிகள். லென்ஸ் வைத்து எண்ணுகிறார்கள். உடலைச் சுற்றிச் செதில்கள் எத்தனை வரிசை என்றும். நிறத்தை அவ்வளவாக நம்புவதில்லை. சாராயத்தில் ஊறினால் நிறம் வெளுத்துப்போகிறது.

*

1838. லண்டனில் ஜான் எட்வர்ட் கிரே இந்த மணல் அரணைக்குப் பெயர் எழுதுகிறார்: டிலிகுவா பிப்ரோனி. கேப்ரியல் பிப்ரோன் பிரெஞ்சுக்காரர், ஊர்வனவற்றை ஆராய்ந்தவர்.

டிலிகுவா என்றால் இன்று நீல நாக்கு அரணைகள். ஆஸ்திரேலியப் பக்கம்.

பிறகு மபூயா. அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா எல்லாம் அந்த ஒரே பேரினத்துக்குள் வெகுகாலம் கிடக்கின்றன. 2002-ல், மரபணுவைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். மபூயா அமெரிக்கப் பக்கத்துக்கு. ஆசியாவுக்கு யூட்ரோபிஸ். அதுவும் புதிதல்ல, 1843-ல் ஃபிட்சிங்கர் வைத்தது.

பிப்ரோனி மட்டும் அப்படியே.

*

அரணை கடித்தால் மரணம் என்பார்கள். இதற்கு விஷம் கிடையாது.

தெரிந்தும் பாதம் பின்வாங்குகிறது. கொஞ்ச நேரம் பாதத்தைப் பார்க்கிறேன்.

*

இந்தியக் கரையில் உண்டு. இலங்கையிலும் உண்டு. நடுவில் பாக் நீரிணை.

எது எப்போது கடந்தது. கடந்ததா, கடல்தான் பிறகு வந்ததா.

காற்று திசை மாறுகிறது. கேள்வி நகர்ந்துவிடுகிறது.

*

மேட்டுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு. காலடியில் சருகு மெத்தென்று அமுங்குகிறது.

சருகுக்குள் ஒரு சரசரப்பு. கோடு தெரிகிறது, உடல் தெரியவில்லை.

இதே இனமா, வேறா. இமையைப் பார்க்காமல் சொல்ல முடியாது.