தாய்க்கு மட்டும் துப்பாக்கி

கொடைக்கானலில் மகளிர் பல்கலைக்கழக மாணவிகளோடு ஒரு மாலை ‘ஏலியன்ஸ்’ பார்த்தேன். 1986இல் வந்த படம். காலையில் புறநானூறு நடத்தியிருந்தேன், மாலையில் விண்வெளி. வெளியே மூடுபனி, விடுதிக் கூடத்தில் கம்பளியும் தேநீரும்.

விண்வெளிப் படையினர் ஏந்தும் அந்தத் துப்பாக்கிக்கு எம்41ஏ பல்ஸ் ரைபிள் என்று பெயர். மிச்சமுள்ள குண்டுகளைச் சிவப்பு எண்களில் காட்டும். எதிர்காலத்தின் ஆயுதமாம். உண்மையில் உள்ளே இருப்பது தாம்ப்சன் துப்பாக்கி, இரண்டாம் உலகப் போரில் சுட்ட அதே வகை. புது உறை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ரிப்ளி படையைச் சேர்ந்தவள் அல்ல. ஹிக்ஸ் என்ற வீரன் அவளுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தருகிறான். குண்டு வீசும் குழாயைப் பற்றிக் கேட்டதும், அது உனக்கு வேண்டாம் என்கிறான். தொடங்கியதை முழுதாகச் சொல்லிக்கொடு என்கிறாள். கூடத்தில் கைதட்டல். நானும் தட்டினேன்.

படம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “ஆயுதம் நம்ம கைக்கு வந்தா அது விடுதலைதானே அம்மா?”

தமிழ்த்துறையில் ஆசிரியைகளை அப்படித்தான் அழைப்பார்கள். பிள்ளை பெறாத எனக்கு அந்தச் சொல் சில நாள் இனிக்கும், சில நாள் குத்தும். அன்று குத்தியது. ரிப்ளி அந்தத் துப்பாக்கியோடு கீழே இறங்குவது நியூட் என்ற சிறுமியை மீட்க. அங்கே முட்டைகளைக் காத்தபடி இன்னொரு தாய். ரிப்ளி அந்த முட்டைகளை எரிக்கிறாள், நாம் மன்னித்துவிடுகிறோம். இதே படத்தில் அதைவிடப் பெரிய துப்பாக்கி சுமக்கும் வாஸ்குவெஸ், யாருக்கும் தாயல்லாத படைவீராங்கனை, ஆண்பிள்ளை என்று கேலி செய்யப்படுகிறவள், செத்துப்போகிறாள். ஆண்களும் சாகிறார்கள்தான். ஆனாலும் உறுத்துகிறது.

காலையில் நடத்திய பாடலும் இதுதானே. நச்செள்ளையாரின் முதியவள் வாளோடு களத்துக்குப் போவது மகன் புறமுதுகிட்டானா என்று பார்க்க. ஒக்கூர் மாசாத்தியாரின் பெண் வேலெடுத்து மகன் கையில் கொடுக்கிறாள். தாய்மை என்ற அனுமதிச்சீட்டு இருந்தால் பெண்ணின் கையிலும் ஆயுதம் இருக்கலாம். உறைதான் மாறியிருக்கிறது.

பழநி மலையிலிருந்து சிறுமலை அதிகத் தூரமில்லை. திண்டுக்கல் பக்கத்து மலை. இந்தப் படம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1985இல், விடுதலைப் புலிகளின் முதல் பெண்கள் அணி அங்கேதான் பயிற்சி பெற்றது. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டவர்கள் என்று என் இருபதுகளில் அவர்களைக் கொண்டாடினேன். பிறகு ‘முறிந்த பனை’ வாசித்தேன். அதை எழுதிய நால்வரில் ஒருவர் ராஜினி திராணகம. மருத்துவர், பல்கலைக்கழக ஆசிரியர், போரில் பெண்கள் பட்டதைப் பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் இரண்டு மகள்களின் தாய்.

மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். ஹிக்ஸ் துப்பாக்கியை முழுதாகச் சொல்லிக்கொடுத்தான், யாரைச் சுடுவது என்று தீர்மானிப்பது யார் என்பதைச் சொல்லவில்லை. அவர்களை அங்கே அனுப்பியதன் பின்னால் இருந்த கம்பெனிக்கோ அந்த ஜந்துக்களே ஆயுதமாக வேண்டியிருந்தன என்றும் சொன்னேன்.

அவள் விடவில்லை. “அப்போ ரிப்ளி வெறுங்கையோட போயிருக்கணுமாம்மா?”

இல்லை என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் தேநீர் டம்ளர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.