கள்வனின் கருவியும் காவலனின் கடமையும்

நம் பிள்ளைகளுள் பலர் இன்று மென்பொருள் ஆக்கும் தொழிலில் இருக்கின்றனர். கணினிக்குள் அத்துமீறி நுழைவோர் கையாளும் கருவிகளை அவர்கள் கற்கலாமா, அது திருட்டுக்குத் துணைபோவதாகாதா எனப் பெற்றோர் சிலர் ஐயுறுகின்றனர். ஐயம் நியாயமானதே. ஆயினும் தீமையை அறிதல் வேறு. தீமையைச் செய்தல் வேறு.

தோழர்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் நன்மையைப் பற்றி வினவிக்கொண்டிருக்க, ஹுதைஃபா (ரலி) அவர்களோ தீமையைப் பற்றி வினவுவார்கள். அது தம்மை வந்தடைந்துவிடுமோ என்னும் அச்சமே காரணம் என்று அவர்களே அறிவித்திருப்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, மறைகுறியில் எழுதப்பட்ட மடல்களை அவிழ்க்கும் கலையைப் பற்றி நூலே இயற்றினார். மொழியில் எவ்வெழுத்து மிகுதியாக வருகின்றது என எண்ணி, மடலில் மிகுதியாக வரும் குறியோடு ஒப்பிடுதல் அவர் காட்டிய வழி. அதனை அறிந்த பின்வந்தோர், ஓரெழுத்துக்கே பல குறிகளை அமைத்து மறைகுறியை வலுப்படுத்தினர். அவிழ்க்கும் கலையே கட்டுவோருக்கு ஆசானாயிற்று.

1988 நவம்பரில், அமெரிக்க மாணவர் ஒருவர் எழுதிய ‘மாரிஸ் புழு’ ஆயிரக்கணக்கான கணினிகளை நிலைகுலையச் செய்தது. பயனரைப் பற்றி விசாரிப்போருக்கு விடைதரும் நிரல் ஒன்று, வரும் வினாவுக்கு 512 எழுத்தளவே இடம் வைத்திருந்தது. வருவதை அளந்து பார்க்கவில்லை. புழு 536 எழுத்துகளை அனுப்பிற்று. மிஞ்சியவை, நிரல் அடுத்துச் செல்லவேண்டிய இடத்தைச் சுட்டும் குறிப்பின்மேல் படிந்து அதனை மாற்றிவிட்டன. கணினி புழுவின் ஏவலுக்குப் பணிந்தது. நிரலை எழுதியவர் நல்லோரின் வினாவை எண்ணிப் பார்த்தாரேயன்றித் தீயோரின் சூழ்ச்சியை எண்ணிப் பார்க்கவில்லை. அந்த எண்ணத்தைக் கற்பிப்பவையே இக்கருவிகள்.

எனினும் எல்லை உண்டு. பிறர் இல்லத்துள் அனுமதியின்றி நுழைதலையும், பிறர் குறையைத் துருவித் தேடுதலையும் திருமறை தடுக்கின்றது. கணினியும் ஓர் இல்லமே. தன் படைப்பையோ, உடையவர் இசைவு தந்ததையோ சோதிக்கலாம். ஆர்வம் ஒருபோதும் அனுமதியாகாது. கண்ட குறையை உடையவரிடம் உரைத்தல் நஸீஹத்தாகும்.

இன்று நம் குடும்பங்களின் பணமும் மருத்துவக் குறிப்பும் மென்பொருளின் பொறுப்பில் உள்ளன. அவை அமானிதம். பூட்டைச் சோதியாமல் அமானிதத்தை அதனுள் வைப்பவன் கள்வனல்லன். ஆனால் காவலனும் அல்லன்.