சக்கரமா, கணக்கேடா?

1964 டிசம்பர் 22, நள்ளிரவுக்குச் சற்று முன்பு பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி நிலையத்தை எட்டவே இல்லை. புயல் கிளப்பிய அலை பெட்டிகளோடு விழுங்கிவிட்டது. நூறு பேருக்கு மேல் போனார்கள்.

"அவங்க விதி" என்று சொல்லிவிடலாம். அத்தனை பேரின் வினைக்கணக்கும் ஒரே வண்டியில், ஒரே இரவில் தீருமா? அதுவும், பாவம் போக்க வந்தவர்கள் அக்னி தீர்த்தத்தில் முழுகி, ஈரத்துணியோடு கோயிலுக்குள் ஓடி, 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொள்ளும் தீவில்? ராவணனைக் கொன்ற தோஷம் நீங்க ராமனே லிங்கம் வைத்துப் பூசித்தான் என்பது ஐதீகம். இங்கே தெய்வத்துக்கும் கணக்கு உண்டு, கழுவ வழியும் உண்டு.

ஆங்கில இலக்கியத்தின் ஃபார்ச்சூனிடம் கணக்கேடே கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு சக்கரம் சுற்றும் ரோமானியத் தேவதை அவள். ஆறாம் நூற்றாண்டில் போயீதியஸ் சிறையிலிருந்து எழுதிய நூலில் அவள்மேல் பெரிய விசாரணையே நடக்கிறது. அதை ஆங்கிலத்தில் தந்தவர்களில் சாஸரும் ஒருவர். அவருடைய 'கேன்டர்பரி கதைகள்' நூலில், துறவி ஒருவர் வீழ்ந்த பெருமக்களின் கதைகளை அடுக்கிக்கொண்டே போக, கேட்டுத் தாளாத போர்வீரர் பாதியில் நிறுத்திவிடுகிறார். (நம் ஊர்க் கதாகாலட்சேபத்தில் அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது.) செத்தவர் மேலேயே பழியைப் போடாத வகையில், அந்த ரயிலுக்கு இந்தக் குருட்டுத் தேவதையே இரக்கமுள்ளவள்.

சேதுபதியின் வீழ்ச்சிக்கு அவளும் போதமாட்டாள். முத்துராமலிங்க சேதுபதி குழந்தையாக இருக்கும்போதே ராமநாதபுரம் மன்னரானவர். 1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் கோட்டையைப் பிடிக்க, தாயுடன் திருச்சிச் சிறைக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்து நவாபே அவரை மறுபடி அரியணை ஏற்றினார். 1795இல் கம்பெனி இறக்கியது. 1809இல் சென்னையில் கைதியாகவே இறந்தார். சாஸரின் துறவி கையில் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார். ஆனால் இந்தச் சக்கரத்தைச் சுற்றிய கைகள் தெரிந்த கைகள். 'கிங் லியர்' நாடகத்தின் எட்மண்ட் அயோக்கியன்தான். ஆயினும் தாம் செய்ததற்குக் கிரகங்களைக் குற்றம் சொல்பவர்களைப் பார்த்து அவன் சிரிப்பது நியாயமான சிரிப்பு.

சிலப்பதிகாரம் வினை, மனிதர் பொறுப்பு இரண்டையும் விடவில்லை. முற்பிறவியில் சங்கமன் என்ற வணிகனைக் கொல்வித்த வினைதான் கோவலனைக் கொன்றது என்று மதுரைத் தெய்வம் சொல்கிறது. அதற்குள் கண்ணகி வழக்காடி முடித்துவிட்டாள், பாண்டியனும் இறந்தாயிற்று. ஊழ் அவனுக்கு வாய்தா வாங்கித் தரவில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், தூத்துக்குடி வழியாகக் கொழும்பு போன பயணிகள் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பினார்கள். ஐம்பது ஆண்டு யோகம் அது. புயலுக்குப் பின் பாலத்தைச் சடுதியில் சீராக்கிய ரயில்வே, தனுஷ்கோடிப் பாதையைக் கைவிட்டது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது; மீனவக் குடும்பங்களோ குடிசை போட்டு அங்கேயே தங்கிவிட்டன. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. இடிந்த சர்ச்சின் பக்கத்தில் வேன்கள் நிற்க, சங்கும் சிப்பி மாலையும் விற்கிறார்கள். புயல் விதியாகவே இருக்கட்டும். அந்தக் குடிசைகளுக்குப் பல பத்தாண்டுகள் மின்கம்பி வராமல் போனது விதியல்ல. அதற்கு மனு போடக் கலெக்டர் அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது.