அழற்சி யாருக்காக?

கருவுற்ற பெண்ணும் கருவும் ஓர் உயிரா, ஈருயிரா? பாரி ஸ்மித், பெரிட் புரோகார்ட் இருவரும் 2003இல் எழுதிய கட்டுரை, கருவைத் தாயின் உடலுக்குள் குடியிருக்கும் தனி உயிராகக் கண்டது. எல்செலைன் கிங்மா 2019இல் ‘மைண்ட்’ இதழில் இதை மறுத்தார்; அவர் பார்வையில் பிறக்கும்வரை கரு தாயுடலின் ஒரு பகுதி. நஞ்சுக்கொடியைப் பாக்டீரியா தாக்கும்போது இவ்விரு விடைகளுக்கும் சோதனை வருகிறது.

நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி கருவின் மரபணுக்களைத் தாங்கியது. அவற்றில் பாதி தந்தை வழி வந்தவை. தாயுடல் அதை ஏன் ஒதுக்குவதில்லை என்று 1953இல் பீட்டர் மெடவார் கேட்டார். தாயின் எதிர்ப்பாற்றல் மந்தமாகிவிடுகிறது என்பது அவர் சொன்ன விளக்கங்களில் ஒன்று. அது இன்று அந்த வடிவில் நிற்கவில்லை. கிருமி வந்தால் அந்த ஆற்றல் விழித்துக்கொள்கிறது, சில வேளை மட்டுமீறியும். தாயின் இரத்தத்தில் நனையும் நஞ்சுக்கொடியின் மேற்படலமோ செல்கள் ஒன்றோடொன்று கலந்து உருவானது. அப்படிக் கலக்க உதவும் சின்சிட்டின் என்ற புரதம், தொல்பழங்காலத்தில் உடலுக்குள் புகுந்த ஒரு வைரஸின் மரபணுவிலிருந்து வந்தது. தன்னது, அயலது என்ற கோடு இங்கே ஏற்கெனவே கலைந்து கிடக்கிறது.

கருப்பைத் தொற்று பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியே மேலேறுகிறது. பாக்டீரியாவின் உறைப்பொருளை உணர்ந்ததும் நஞ்சுக்கொடிச் செல்கள் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களை வெளியிடுகின்றன. தொடர்ந்து புரோஸ்டகிளாண்டின் பெருகி, கருப்பை சுருங்கி, குறைமாதத்தில் பிரசவம் நேரலாம். கரு குடியிருப்பாளர் என்றால் இது வெளியேற்றம். பகுதி என்றால் முழுமையைக் காக்கும் இழப்பு. இரண்டுமே பொருந்தவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கருவின் மரபணுவைத் தாங்கிய செல்களும் அந்த எச்சரிக்கையை எழுப்புகின்றன. தன்னை வெளியேற்ற மணியடிப்பவரைக் குடியிருப்பாளர் என்பது விந்தை; தாயின் மரபணுவிலிருந்து வேறுபட்டு இயங்குவதை வெறும் பகுதி என்பதும் அப்படியே.

இந்த அழற்சிச் சங்கிலியை இயற்கைப் பொருள்களால் அறுக்க முடியுமா? மஞ்சளிலுள்ள குர்குமின், திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் போன்றவை நஞ்சுக்கொடித் திசுவிலும் செல்களிலும் அழற்சிக் குறிகளைக் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் அழற்சி தணிந்ததாலேயே கிருமி ஒழிந்துவிடுவதில்லை. ஆன்டிபயாட்டிக்கின் இடத்தை இவை நிரப்பா. குர்குமினைக் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. சோதனைக்கூடத்தில் செல்கள் மீது ஊற்றும் அளவு ரசத்தில் போடும் மஞ்சளிலிருந்து நஞ்சுக்கொடியை எட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

எட்டினால் நல்லதா என்பது அடுத்த கேள்வி. பிறக்கும்முன் சிசுவின் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் குழாயைத் திறந்துவைப்பதில் புரோஸ்டகிளாண்டினுக்குப் பங்குண்டு. அதனால்தான் கர்ப்பத்தின் இறுதி மாதங்களில், புரோஸ்டகிளாண்டினைக் குறைக்கும் இபுப்ரோஃபென் தவிர்க்கப்படுகிறது. அதை அதேபோல் வலுவாக அடக்கக்கூடிய செடிப்பொருளுக்கு, செடியிலிருந்து வந்தது என்பதற்காக விலக்களிக்க நியாயமில்லை. கருவில் குறைபாடுகளை உண்டாக்கிய தாலிடோமைடு மருந்தின் அவலத்துக்குப் பிறகு கர்ப்பிணிகள் மருந்துச் சோதனைகளிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டார்கள். சிசுவைக் காப்பதற்கென்று செய்த அந்த விலக்கு, தாய் அறிந்து தேர்ந்தெடுக்கத் தேவையான தகவலையே இல்லாமல் ஆக்கியது. அந்த வெற்றிடத்தில்தான் ‘இயற்கையானது’ என்ற ஒட்டுத்தாளோடு மாத்திரைகள் விற்கப்படுகின்றன.