அவன் ஏன் ஓடவில்லை?

மாஸ்கோவின் வி.ஜி.ஐ.கே. திரைப்படக் கல்லூரியில் 1956-ஆம் ஆண்டு மூன்று மாணவர்கள் சேர்ந்து ஒரு திரில்லர் எடுத்தார்கள். ஓடும் நேரம் 19 நிமிடம். கொலைகாரர்கள் இருக்கிறார்கள், துப்பாக்கி இருக்கிறது, சாக வேண்டியவனும் இருக்கிறான். கொலை மட்டும் திரையில் இல்லை. மூவர் கூடியதற்கு நட்பு மட்டுமே காரணமில்லை. கல்லூரியில் போதிய கருவிகள் கிடையாது என்பதால் இரண்டு பேர், மூன்று பேராகத்தான் படம் எடுக்க முடிந்தது. ஒருவர் அலெக்சாந்தர் கோர்டன், ஒருவர் மரிகா பெய்க்கு, இன்னொருவர் 24 வயது ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி. எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘கொலைகாரர்கள்’ என்ற 1927-ஆம் ஆண்டுச் சிறுகதையை எடுக்கலாம் என்று சொன்னது தார்க்கோவ்ஸ்கி. சிகாகோ பக்கத்துச் சிற்றூர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்று கல்லூரிக்குள்ளேயே செட்டாக எழும்பியது. சாமான்கள் மாணவர்களின் வீடுகளிலிருந்தும் தெரிந்தவர்கள் வீடுகளிலிருந்தும் வந்தன. நடித்தவர்களும் உடன் படித்தவர்கள்தான். சீட்டியடித்துக்கொண்டு கடைக்கு வந்துபோகும் ஒரு வாடிக்கையாளராக தார்க்கோவ்ஸ்கியும் தலைகாட்டினார்.

கதை சின்னது. சாயங்காலம் இரண்டு பேர் கடைக்குள் நுழைகிறார்கள். கையுறையைக் கழற்றாமலே சாப்பிடுகிறார்கள். சமையற்காரனையும், நிக் என்ற இளைஞனையும் உள்ளே கட்டிப்போடுகிறார்கள். தினமும் 6 மணிக்குச் சாப்பிட வரும் ஓலி ஆண்ட்ரெசன் என்ற முன்னாள் குத்துச்சண்டைக்காரனைச் சுட வந்திருப்பதாக ஒளிக்காமல் சொல்கிறார்கள். அவன் வரவில்லை. ஏழு மணி தாண்டியதும் எழுந்து போய்விடுகிறார்கள். நிக் ஓடிப்போய் ஓலியிடம் விஷயத்தைச் சொல்கிறான். ஓலி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே கேட்டுக்கொள்கிறான். போலீஸ் வேண்டாம், ஊரைவிட்டுப் போகவும் முடியாது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிறான். அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் தமிழ் வாசகரின் வாயில் ‘ஊழ்’ என்ற சொல் வந்து நிற்கும். அந்தப் பதில் கொஞ்சம் சுலபமானது. ஏனென்றால் இந்தக் கதையில் நிச்சயம் என்று சொல்லப்பட்ட விஷயங்கள் இரண்டு. ஓலி 6 மணிக்கு வருவான் என்பது ஒன்று, ஓலி சாவான் என்பது இன்னொன்று. முதலாவது பொய்த்துப்போகிறது. அன்றைக்குப் பார்த்து அவன் சாப்பிட வரவில்லை. போதாக்குறைக்கு, எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் அந்தக் கடைக் கடிகாரம் 20 நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஹெமிங்வே இதை முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறார். ஒரு நிச்சயம் கண்ணெதிரே உடைந்த பிறகும் மற்றொன்றை ஓலி ஏன் அப்படியே ஒப்புக்கொண்டு படுத்திருக்கிறான் என்பதுதான் கேள்வி.

கொலைகாரர்களில் ஆல் என்பவன் சமையலறைக்குள் நின்று, தட்டு நீட்டும் துவாரத்தை ஒரு கெட்சப் பாட்டிலால் முட்டுக்கொடுத்துத் திறந்துவைக்கிறான். அதன் வழியே குறி பார்த்து, நீ இங்கே நில், நீ கொஞ்சம் இடப்பக்கம் நகர் என்று ஆட்களை நிறுத்துகிறான். குரூப் போட்டோ எடுக்கிறவன் மாதிரி என்று ஹெமிங்வேயே எழுதுகிறார். அவனுடைய கூட்டாளியோ கடைக்காரனைப் பார்த்து, நீ இன்னும் நிறைய சினிமா பார்க்க வேண்டும் என்கிறான். மாணவர்கள் இந்தக் கதையைத் தேர்ந்ததற்கு வேறு காரணமே வேண்டாம். உள்ளே நிற்பவன் ஒரு இயக்குநர்: ஃபிரேம் வைத்துவிட்டான், நடிகர்களை நிறுத்திவிட்டான், நேரம் குறித்துவிட்டான். கதாநாயகன் மட்டும் ஷூட்டிங்குக்கு வரவில்லை.

படப்பிடிப்பில் கடிகாரம் ஒரு தலைவலி என்பது எந்தத் திரைப்பட மாணவருக்கும் முதல் படத்திலேயே தெரிந்துவிடும். காட்சிகள் வரிசையாக எடுக்கப்படுவதில்லை. லைட்டிங் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஷாட்டுகள் எல்லாம் முதலில் முடியும். ஏழு மணிக்கு நடப்பது காலையில் எடுக்கப்படும், ஐந்து மணிக்கு நடப்பது மத்தியானம். கடிகாரத்தை ஓடவிட்டால் கன்டினியூட்டி போச்சு, டிக் டிக் சத்தம் வசனத்திலும் ஏறிவிடும். ஆகவே அதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முள்ளைக் கையால் திருப்பி வைப்பார்கள். பார்வையாளர் நெஞ்சு படபடக்கப் பார்க்கும் அந்தக் காலம் ஓடவே இல்லை. முன்பே யாரோ வைத்த முள் அது.

எடிட்டிங் மேசையில் இது இன்னும் அப்பட்டம். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 19 நிமிடப் படத்தில் 27,000-க்கு மேற்பட்ட ஃபிரேம்கள். ஒவ்வொன்றும் அசையாத புகைப்படம். நிக் ஓடிவரும் ஃபிரேமும், அவன் வருவதற்கு முந்திய ஃபிரேமும், அவன் போன பிறகு வரும் ஃபிரேமும் ஒரே சுருளில் ஒரே நேரத்தில் இருக்கின்றன.

இப்படித்தான் உலகமே இருக்கிறது என்று சொன்ன ஒரு சமயம் தமிழ்நாட்டில் இருந்தது. மற்கலி கோசாலரின் ஆசீவகம். நியதிதான் எல்லாம், முயற்சி என்று ஒன்று கிடையாது என்பது அதன் கொள்கை. பௌத்தத் திரிபிடகத்தின் சாமஞ்ஞபல சுத்தம் ஆசீவகரின் உவமை ஒன்றைப் பதிந்துவைத்திருக்கிறது. உருட்டிவிட்ட நூலுருண்டை தன் நீளம் தீரும்வரை பிரிந்துகொண்டே போகும். அறிவாளியும் முட்டாளும் அப்படியே பிறவிகளைக் கடந்து முடிக்கிறார்கள். வடக்கில் மங்கிய பிறகும் தென்னாட்டில் இந்தச் சமயம் நெடுங்காலம் இருந்தது. மணிமேகலையில் ஆசீவகர் பேசுகிறார். சமணக் காப்பியமான நீலகேசியில் பூரணன் என்ற ஆசீவக ஆசிரியனோடு வாதமே நடக்கிறது. அங்கே ‘அவிசலித நித்தியத்துவம்’ என்றொரு கொள்கை வருகிறது: எதுவும் புதிதாகத் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை, அசைவு என்று நாம் காண்பது வெறும் தோற்றம். ஃபிலிம் சுருளை விளக்க இதைவிடச் சுருக்கமான தத்துவம் கிடைப்பது கஷ்டம்.

ஐரோப்பாவில் இதே சிக்கல் கடவுள் வழியாக வந்தது. நாளை நடப்பது கடவுளுக்கு இன்றே தெரியும் என்றால் மனிதனுக்கு ஏது சுதந்திரம்? ரோமானிய அறிஞர் போயத்தியஸ் மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் கிடந்தபோது (சுமார் 524-இல் கொல்லப்பட்டார்) இதற்கு ஒரு பதில் எழுதினார். கடவுள் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. எல்லாக் காலத்தையும் ஒரே நிகழ்காலமாகப் பார்க்கிறார். ஒருவன் நடப்பதை நாம் பார்ப்பதால் அவன் நடந்தே தீர வேண்டும் என்று ஆகிவிடாது. நல்ல பதில்தான். ஆனால் இது படம் பார்க்கிறவருக்குப் பொருந்துமே தவிர எடிட்டருக்குப் பொருந்தாது. எடிட்டர் வெறுமனே பார்ப்பவர் அல்லர், வெட்டுகிறவர். ஓலி இன்னும் நாலு விநாடி சுவரைப் பார்க்க வேண்டுமா என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார்.

ஆசீவகத்துக்கு வந்த மறுப்புகளில் மிகக் கூர்மையானது சமண ஆகமமான உவாசகதசாவில் இருக்கிறது. ஆசீவக பக்தனான சத்தாலபுத்தன் என்ற பணக்காரக் குயவன் பானைகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கிறான். மகாவீரர் வந்து, இவை முயற்சியால் ஆனவையா, முயற்சி இல்லாமலே ஆனவையா என்று கேட்கிறார். முயற்சி என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் நியதி என்கிறான் குயவன். அப்படியானால் ஒருவன் வந்து இந்தப் பானைகளைத் திருடினாலோ உடைத்தாலோ, உன் மனைவியிடம் தகாத முறையில் நடந்தாலோ என்ன செய்வாய்? அடிப்பேன், கட்டிவைப்பேன், கொன்றே போடுவேன் என்கிறான். மாட்டிக்கொண்டான். நியதியால் நடந்ததற்கு யாரை அடிப்பது?

திரில்லர் பார்ப்பவர் எல்லாருமே அந்தக் குயவன்தான். சுருள் முடிந்துபோனது, மாறாது என்று அறிவுக்குத் தெரியும். இருந்தும் கொலைகாரன்மேல் கோபம் வருகிறது, நிக் சீக்கிரம் ஓடமாட்டானா என்று மனம் அடித்துக்கொள்கிறது. முடிவு தெரிந்த படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போதும் இதே கதைதான். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1989-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்: முடிவு நன்றாகத் தெரிந்த சம்பவங்களிலும் வாசகருக்குப் பதற்றம் எழுகிறது. எதிர்காலம் திறந்திருக்கிறது என்ற உணர்வை அறிவால் மூடிவிட முடியவில்லை.

ஹாலிவுட் இதே கதையை இரண்டு தடவை எடுத்தது, இரண்டு தடவையும் காரணத்தைத் தேடி ஓடியது. ராபர்ட் சியோட்மாக்கின் 1946-ஆம் ஆண்டுப் படத்தில் ஹெமிங்வேயின் கதை ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். மிச்சமெல்லாம் ஒரு இன்சூரன்ஸ் துப்பறிவாளர் தோண்டியெடுக்கும் ஃபிளாஷ்பேக். ஒரு கொள்ளை, ஒரு பெண், ஒரு துரோகம். டான் சீகல் 1964-இல் எடுத்ததில் இன்னும் வேடிக்கை. சுட்டவர்களுக்கே நெருடுகிறது: எச்சரித்தும் ஏன் இவன் ஓடவில்லை? கொன்ற பிறகு கொலைகாரர்களே விசாரணையில் இறங்குகிறார்கள். இரண்டும் விறுவிறுப்பான படங்கள், சந்தேகமில்லை. ஆனால் காரணம் முழுக்கத் தெரிந்த அந்தக் கணமே சாகிறவன் நூலுருண்டை ஆகிவிடுகிறான். அந்தப் பெண், அந்தத் துரோகம், ஆகவே இந்தக் கட்டில். அவன் படுத்திருப்பது அவன் முடிவாக இல்லாமல் பழைய கணக்கின் பாக்கியாகிவிடுகிறது.

மாஸ்கோ மாணவர்கள் ஃபிளாஷ்பேக் வைக்கவில்லை. கட்டில் காட்சியை இயக்கியது கோர்டன். முன்னும் பின்னும் வரும் கடைக் காட்சிகள் தார்க்கோவ்ஸ்கியும் பெய்க்குவும் எடுத்தவை. ஓலியாகப் படுத்திருப்பது பின்னாளில் ரஷ்யாவே கொண்டாடிய எழுத்தாளரும் நடிகருமான வசீலி சுக்ஷின். அவன் என்ன தப்பு செய்தான், யாரை ஏமாற்றினான் என்பதற்குப் படத்தில் பதில் இல்லை. காரணம் காட்டப்படாததாலேயே அவன் ஓடியிருக்கவும் முடியும் என்று தோன்றுகிறது. ஓடவில்லை என்பது அவன் செயலாகிறது. அது கோழைத்தனமா, களைப்பா, ஞானமா என்பது வேறு விஷயம்.

எல்லாம் முன்பே தீர்மானமானதா என்ற கேள்வியோடு தார்க்கோவ்ஸ்கி பின்னாளில் எடிட்டிங் மேசையிலும் மல்லுக்கட்டினார். 1975-இல் வெளியான ‘கண்ணாடி’ படத்தை இருபதுக்கும் மேற்பட்ட விதங்களில் எடிட் செய்து பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். காட்சிகளின் வரிசையையே மாற்றி மாற்றி வைத்தும் படம் கூடவில்லை. எடுத்ததிலேயே கோளாறோ என்ற பயம் வந்துவிட்டது. நம்பிக்கை போன கட்டத்தில் செய்த ஒரு கடைசி மாற்றத்தில் படம் சட்டென்று எழுந்து நின்றது. எடுத்த சுருள்கள் அதே சுருள்கள்தான். நியதி ஃபிலிமில் இருந்தது என்றால் முதல் வரிசையிலேயே படம் கூடியிருக்க வேண்டும்.

நீலகேசியில் வரும் ஆசீவகப் பூரணனிடம் இதைச் சொன்னால் அசரமாட்டான். இருபது தோல்வியும் அந்தக் கடைசி மாற்றமும்கூட உருண்டைக்குள் முன்பே சுற்றியிருந்தவைதான் என்பான். தர்க்கத்தில் அவனை மடக்க வழியில்லை. மகாவீரர்கூடக் குயவனைத் தர்க்கத்தால் மடக்கவில்லை, அவன் பானைகளைக் காட்டித்தான் மடக்கினார்.