குறையை மறைத்து விற்கலாமா?



ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின் மூக்கண்டப்பள்ளிச் சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்பது அவர் தொழில். சிப்காட்டில் இரவு ஷிப்டு வேலை பார்க்கும் வாலிபர் ஒருவருக்கு ஒரு வண்டியை விற்றிருக்கிறார். என்ஜின் தேய்ந்திருப்பது அவருக்குத் தெரியும். கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கியிருந்தார்.

"ஹஜ்ரத், அவர் கேட்கவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. அந்தப் பணம் ஹலால்தானே?" என்றார்.

நாட்டின் சட்டத்தையே முதலில் பாருங்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவில், வாங்குபவர் தம் தேவையைச் சொல்லி, வியாபாரியின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் பொதுவாகத் தரத்தைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பாடு என்றே அது விட்டுவிடுகிறது.

ஷரீஅத்தோ குறையை வாய்திறந்து சொல்வதை விற்பவர் மீது கடமையாக்குகிறது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீஃபில் உள்ள ஹதீஸ் இது. அந்த வியாபாரியும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்! நல்ல தக்காளியை மேலே அடுக்கி, நசுங்கியதை அடியில் வைப்பவரும் இதையே செய்கிறார்.

வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே 'ஐபு' என்பது ஹனஃபி ஃபுகஹாக்களின் விளக்கம். அதை மறைத்து விற்றாலும் விற்பனை செல்லும். ஆனால் பாவம் விற்றவரைச் சாரும். வாங்கும்போது அறியாத பழைய குறை பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பித் தந்து முழு விலையையும் பெற வாங்கியவருக்கு உரிமை உண்டு. தெரிந்தும் அதை வைத்துக்கொள்ள அவர் இசைந்துவிட்டால் அவ்வுரிமை போய்விடும். இருவரும் மனமொத்து விலையைக் குறைத்துக்கொள்வதும் கூடும். ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்துவிட்டால், தெரிந்தே மறைத்த பாவம் நீங்கிவிடாது. வீட்டுப் பழைய மிக்ஸியை அண்டைவீட்டாருக்கு விற்கும் சகோதரிக்கும் இதே சட்டம்தான்.

"நடுநிசியில் நெடுஞ்சாலையில் அந்த வண்டி நின்றுபோனால், அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை.

அஸருக்குப் பின் அந்த வாலிபரின் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். வாலிபர் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். இவர் முழுத் தொகையையும் கொடுத்தார். அந்த மாதம் அவருக்கு நஷ்டம்தான். ஆனால் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தும் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி தரும் நற்செய்தி.

நம் சம்பாத்தியத்தை அல்லாஹ் தூய்மையாக்குவானாக! ஆமீன்.